இந்தியாவுக்கு 0.25%, கேரளாவுக்கு 8.56%: ஒரே ரூபாய்க்கு இரண்டு பணவீக்கம் எப்படி வந்தது?

நாகர்கோவிலில் பஸ் ஏறினால் திருவனந்தபுரம் தம்பானூருக்குச் சுமார் 70 கிலோமீட்டர். இறங்கும்போது உங்கள் பையில் இருப்பது ஏறும்போது இருந்த அதே 500 ரூபாய் நோட்டுதான். ஆனால் 2025 அக்டோபர் மாதத்துக்கு மத்திய புள்ளியியல் அமைச்சகம் முதலில் வெளியிட்ட கணக்குப்படி, நீங்கள் ஏறிய தமிழ்நாட்டில் பணவீக்கம் 1.29%. இறங்கிய கேரளாவில் 8.56%. ஒட்டுமொத்த இந்தியாவுக்கு 0.25%.

அந்த 0.25% ஒரு சாதனை அளவு. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் அதைவிடக் குறைவாக எந்த மாதமும் பதிவானதில்லை. அதே மாதம் கேரளாவில் விலைகள் ஓராண்டில் கிட்டத்தட்ட பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறியிருந்தன. அந்த மாதம் மட்டும் இல்லை, 2025-ன் பெரும்பாலான மாதங்களில் மாநிலங்களில் முதலிடம் கேரளாவுக்குத்தான்.

மேக்ரோ எகனாமிக்ஸ் என்று காலேஜில் படித்த, அல்லது படிக்காமலேயே தப்பித்த விஷயங்கள் பலவும் இந்த ஒரே மாத அட்டவணையில் இருக்கின்றன. உங்கள் சம்பள உயர்வு, ஹோம் லோன் ஈஎம்ஐ, அம்மாவின் எஃப்டி வட்டி எல்லாமே இதோடு தொடர்புடையவை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

விலை வேறு, பணவீக்கம் வேறு

"கேரளாவில் எப்பவுமே எல்லாம் காஸ்ட்லிதானே" என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. விலை அதிகமாக இருப்பது ஒரு நிலை. பணவீக்கம் என்பது அந்த நிலை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. பஸ் மலைமேல் நிற்கிறதா, பள்ளத்தில் நிற்கிறதா என்பதை ஸ்பீடோமீட்டர் சொல்லாது இல்லையா? அப்படித்தான்.

ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022-23-ல் கேரள கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852.50 ரூபாய். நாட்டின் சராசரி 393.30 ரூபாய். கூலி இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் ஊரில் முடிவெட்டுவதும் மதியச் சாப்பாடும் விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கூலி பல ஆண்டுகளாகவே உயரத்தில் இருக்கிறது. 2025-ல் மட்டும் விலைகள் ஏன் ஓடின என்பதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். "பணவீக்கம் குறைந்தது" என்ற தலைப்பைப் பார்த்து விலை குறைந்துவிட்டதாக நினைப்பது நம்மில் பலருக்கு வழக்கம். 8-லிருந்து 3 ஆனாலும் விலை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

கூடைக்குள் என்ன இருக்கிறது?

இந்தச் சதவீதங்கள் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணிலிருந்து வருகின்றன. சுருக்கமாக சிபிஐ. (விசாரணை அமைப்பும் இல்லை, தம்பானூர் சுவர்களில் பெயர் தென்படும் கட்சியும் இல்லை.) ஒரு சராசரிக் குடும்பம் மாதம் வாங்கும் பொருட்களையும் சேவைகளையும் ஒரு கூடையாக வைத்துக்கொண்டு, அந்தக் கூடையின் விலை போன வருஷம் இதே மாதத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

சூட்சுமம் எடையில் இருக்கிறது. எடை என்றால், குடும்பச் செலவில் ஒரு பொருளின் பங்கு. 2012 வரிசையில் அகில இந்தியக் கூடையில் உணவு, பானங்களுக்கு 45.86%. அதற்குள் எண்ணெய், கொழுப்பு வகைகளுக்கு 3.56%. தங்கத்துக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கூடை, தனி எடைகள் உண்டு. அந்த மாநில மக்கள் எதில் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு சொல்கிறதோ, அதை வைத்து அமைவது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பொருளின் விலை இரண்டு மடங்காகிறது. அதன் எடை ஒரு மாநிலக் கூடையில் 3%, நாட்டின் கூடையில் 0.2% என்று வைத்துக்கொள்வோம். மற்ற எதுவுமே மாறவில்லை என்றாலும் அந்த மாநிலத்தின் பணவீக்கம் 3%, நாட்டின் பணவீக்கம் 0.2%. விலை ஏற்றம் இருவருக்கும் ஒன்றுதான். அடி மட்டும் வேறு.

கேரளாவில் அந்தப் பொருள் பெரும்பாலும் வெளிச்செண்ணெய், அதாவது நம் தேங்காய் எண்ணெய். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை வருமே, அதுவும் இந்த எண்ணெய்தான். குழம்பு, மீன், அவியல், தலைக்கு எல்லாம் அதுவே. 2025 ஓணத்துக்கு முன்பு லிட்டர் விலை 400 ரூபாயைத் தாண்டியது. சில பிராண்டுகள் 500-ஐயும் தாண்டின. கேரளா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றிலும் தேங்காய் விளைச்சல் குறைந்ததுதான் முதல் காரணம். உலகச் சந்தையிலும் தேங்காய் எண்ணெய் விலை உச்சத்தில் இருந்ததால் வெளியிலிருந்தும் ஆறுதல் கிடைக்கவில்லை. காங்கேயம் கொப்பரைச் சந்தையிலும் விலை ஏறத்தான் செய்தது. ஆனால் சமையலுக்குக் கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ரேஷன் பாமாயில் என்று பிரித்துப் பயன்படுத்தும் தமிழ்நாட்டின் சராசரிக் கூடையை அது பெரிதாக அசைக்கவில்லை.

இன்னொன்று தங்கம். 2025-ல் தங்கத்தின் விலை பாதிக்கு மேல் உயர்ந்தது. ஆபரணம் அதிகம் வாங்கும் மாநிலத்தின் கூடையில் அது கூடுதலாகக் கனக்கும்.

நாட்டின் எண் ஏன் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போனது என்பதற்கும் இதே எடைதான் பதில். காய்கறி, பருப்பு விலைகள் முந்தைய ஆண்டைவிடச் சரிந்ததால் அக்டோபரில் அகில இந்திய உணவுப் பணவீக்கம் மைனஸ் 5.02%. செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி குறைப்பும் கொஞ்சம் இழுத்தது.

இங்கே நாகர்கோவிலுக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போக வேண்டும். 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்த ஊர்ச் சமையலில் இன்றும் தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம். ஆக, மார்த்தாண்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் உண்மையான விலை உயர்வு திருவனந்தபுரத்துக்குத்தான் நெருக்கமாக இருந்திருக்கும். ஆனால் அட்டவணையில் அவர்கள் 1.29%-க்குள் போய்விடுகிறார்கள். நாட்டின் சராசரி கேரளாவை மறைப்பதுபோல மாநிலத்தின் சராசரி மாவட்டங்களை மறைக்கிறது.

2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசை வந்துவிட்டது. பழைய கூடை 2011-12-ன் செலவுப் பழக்கத்தில் அமைந்தது. ஓடிடி சந்தாவெல்லாம் வீட்டுக்குள் வராத காலம். புதிய கூடையில் உணவின் எடை சுமார் 37 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. கூடை புதிது என்றாலும், இனி சொல்லப்போகும் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

ஒரே ரெப்போ, எதிரெதிர் விளைவு

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் வட்டிதான் ரெப்போ. ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு இதை முடிவு செய்கிறது. (செய்திகளில் இதை "நிதிக் கொள்கைக் குழு" என்றும் எழுதுகிறோம். நிதிக் கொள்கை என்பது அரசின் வரவு செலவு. பணக் கொள்கை என்பது ரிசர்வ் வங்கியின் வட்டி. இரண்டையும் குழப்பினால் பாதி மேக்ரோ எகனாமிக்ஸ் புரியாது.) இந்தக் குழுவுக்குச் சட்டப்படி ஒரு இலக்கு உண்டு: பணவீக்கம் 4%, கீழே 2, மேலே 6 வரை அனுமதி. இலக்கு எந்தப் பணவீக்கத்துக்கு? அகில இந்திய எண்ணுக்கு மட்டும்.

விதி எளிது. பணவீக்கம் அதிகமானால் வட்டியை ஏற்று. கடன் விலை ஏறும், செலவு குறையும், விலை தணியும். பணவீக்கம் குறைந்தால் வட்டியை இறக்கு. 2025 பிப்ரவரியில் 6.5%-லிருந்து தொடங்கி ஜூனுக்குள் ரெப்போ 5.5% ஆனது. அக்டோபரின் 0.25% வெளியான பிறகு, டிசம்பர் 5 அன்று 5.25% ஆனது. நாட்டின் எண்ணைப் பார்த்தால் சரியான முடிவுதான்.

கேரளாவின் எண்ணைப் பார்த்தால்? கடன் வாங்குபவருக்கும் சேமிப்பவருக்கும் முக்கியம் அறிவிக்கப்படும் வட்டி மட்டும் இல்லை. பணவீக்கத்தைக் கழித்த பிறகு மிஞ்சும் மெய் வட்டி. அக்டோபரில் ரெப்போ 5.5%. இந்தியாவுக்கு 0.25-ஐக் கழித்தால் மெய் வட்டி 5.25%. அது நல்ல இறுக்கமான கொள்கை. கேரளாவுக்கு 8.56-ஐக் கழித்தால் மைனஸ் 3.06%. அது மிகத் தளர்வான கொள்கை. ஒரே நாள், ஒரே முடிவு. ஒரு இடத்தில் பிரேக், இன்னொரு இடத்தில் ஆக்ஸிலரேட்டர்.

பொருளாதாரப் பேராசிரியர்கள் இங்கே கை தூக்குவார்கள். மெய் வட்டிக்குக் கழிக்க வேண்டியது கடந்த ஆண்டின் பணவீக்கம் இல்லை, வரப்போகும் காலத்துக்கு மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம் என்பார்கள். சரிதான். அப்படிப் பார்த்தால் இடைவெளி சுருங்கும். ஆனாலும் திருவனந்தபுரத்தில் எஃப்டி போட்டவருக்கு அந்த ஆண்டு என்ன ஆனது என்பது மாறாது. வட்டி வந்தது, பணத்தின் வாங்கும் சக்தி போனது.

அப்படியென்றால் கேரளாவுக்குத் தனி ரிசர்வ் வங்கி இருந்திருந்தால் வட்டியை ஏற்றியிருக்க வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டியை ஏற்றினால் தேங்காய் காய்க்காது. இது தேவை கூடியதால் மட்டும் வந்த விலை ஏற்றம் இல்லை. பெருமளவு அளிப்பு குறைந்ததால் வந்தது. இதைத்தான் அளிப்பு அதிர்ச்சி என்கிறார்கள். இதற்கு வட்டியை ஏற்றினால் எண்ணெய் விலை அப்படியே இருக்கும், கூடவே வேலைவாய்ப்பும் அடிபடும். எண்ணெய் விலையைக் காட்டி ஹோட்டல்காரர் சாப்பாட்டு விலையையும், அதைக் காட்டித் தொழிலாளி கூலியையும் ஏற்றக் கேட்க ஆரம்பிக்கும்போதுதான் மத்திய வங்கிக்குக் கவலை வரவேண்டும். அதை இரண்டாம் சுற்று விளைவு என்பார்கள்.

சொந்தக் காசு இருந்த ஊர்

தனி ரிசர்வ் வங்கி என்றால் வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தம்பானூருக்குப் பக்கத்தில்தான் திருவிதாங்கூர் அரண்மனையும் கோட்டையும். அந்த சமஸ்தானத்துக்குச் சக்கரம், பணம், காசு என்று சொந்த நாணயமே இருந்தது. ஒரு பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். இந்தியாவோடு இணைந்தபோது அதை விட்டுக்கொடுத்தார்கள்.

பொது நாணயத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும்? மாற்றுக் கட்டணம் இல்லை, பெரிய சந்தை, நம்பகமான பணம், இவை கிடைக்கும். சொந்த வட்டி, சொந்த மாற்று விகிதம் இரண்டும் போகும். இதே அனுபவம் ஐரோப்பாவில் உண்டு. 2022 ஆகஸ்டில் யூரோ மண்டலத்தின் பணவீக்கம் 9.1%. 2011-ல் யூரோவில் சேர்ந்த எஸ்டோனியாவில் அதே மாதம் 25.2%. இருவருக்கும் வட்டியை முடிவு செய்தது ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஒரே மத்திய வங்கிதான்.

வளைகுடாப் பணம் எங்கே வருகிறது?

கேரளாவைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவர் "கல்ஃப் பணம் வருது, அதான் விலை ஏறுது" என்பார். 2023 கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் சுமார் 22 லட்சம் மலையாளிகள். அந்த ஆண்டு வந்த பணம் சுமார் 2.16 லட்சம் கோடி ரூபாய். மாநிலத்தின் நிகர உற்பத்தி மதிப்போடு ஒப்பிட்டால் 23.2%.

"ஒப்பிட்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பணம் அந்த உற்பத்திக்குள் இல்லை. ஜிடிபி என்பது ஓர் எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியான பொருள், சேவைகளின் மதிப்பு. ஷார்ஜாவில் ஒருவர் செய்த வேலை அந்த நாட்டின் ஜிடிபியில் சேரும். அவர் அனுப்பும் பணத்தில் இங்கே வீடு கட்டினால், கொத்தனார் வேலை கேரளக் கணக்கில் சேரும். அதனால்தான் ஒரு மாநிலம் தான் உற்பத்தி செய்வதைவிட அதிகமாகச் செலவழிக்க முடிகிறது.

இது விலை மட்டத்தை உயர்த்தி வைக்கும் என்பது நியாயமான வாதம். 2025-ன் ஓட்டத்துக்கு இதையே முழுக் காரணமாகச் சொல்வதுதான் நெருடுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997 முதல் திர்ஹம் நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. டாலர் 85 ரூபாயாக இருந்தபோது வீட்டுக்கு வந்த 2,000 திர்ஹம் சுமார் 46,290 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90-ஐத் தாண்டியபோது அதே 2,000 திர்ஹம் சுமார் 49,000 ரூபாய். ஏறக்குறைய 6% கூடுதல். 8.56% விலை ஏற்றத்துக்கு அதுவும் போதவில்லை.

மாநில அரசால் என்ன முடியும்?

வட்டி கையில் இல்லை, மாற்று விகிதமும் இல்லை. மிச்சம் வரவு செலவு. சப்ளைகோ கடைகளில் மானிய விலையில் பொருள் கொடுக்கலாம், ஓணச் சந்தை போடலாம், ஓய்வூதியத்தை உயர்த்தலாம். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், புதிதாகக் கடன் வாங்க அதன் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 293-வது பிரிவு. இயல்பான உச்சவரம்பு மாநில உற்பத்தி மதிப்பில் 3%. இந்த வரம்புகளை எதிர்த்துக் கேரளா 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்து, வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. மாநிலத்தின் கடன் ஒழுங்கு பற்றி மத்திய அரசு சொல்லும் குறைகளிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

ஓய்வூதியத்தை மட்டும் பாருங்கள். கேரள சமூக நல ஓய்வூதியம் 2021-ல் 1,600 ரூபாய் ஆனது. அடுத்த உயர்வு 2025 நவம்பரில்: 2,000 ரூபாய். 25% உயர்வு என்றால் பெரிதாகத் தெரியும். ஆனால் விலைகள் ஆண்டுக்கு 5% மட்டும் ஏறியதாக வைத்துக்கொண்டாலே, 1,600 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களுக்கு நான்கு ஆண்டு கழித்து 1,945 ரூபாய் வேண்டும். உயர்வின் பெரும்பகுதி இழந்ததைத் திருப்பிக் கொடுத்ததுதான்.

உங்கள் அப்ரைசலுக்கு எந்த எண்?

டெக்னோபார்க்கில் மாதம் 60,000 வாங்கும் ஒருவருக்கு 7% உயர்வு என்று வையுங்கள். புதுச் சம்பளம் 64,200. அகில இந்திய எண்ணின்படி பழைய வாழ்க்கையை வாழ 60,150 போதும்; மாதம் 4,050 லாபம். தமிழ்நாட்டு எண்ணின்படி 60,774 வேண்டும், 3,426 லாபம். கேரள எண்ணின்படி 65,136 வேண்டும். ஆக 936 ரூபாய் நஷ்டம். ஹெச்ஆர் காட்டும் ஸ்லைடில் எந்த எண் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கும் இதே நிலைதான். அவர்களது அகவிலைப்படி, தொழிலாளர்களுக்கான அகில இந்தியக் குறியீட்டெண்ணைப் பின்பற்றுகிறது. 2025 ஜூலை முதல் அது 55%-லிருந்து 58% ஆனது. தம்பானூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவருக்கும் கான்பூரில் கொடுப்பவருக்கும் ஒரே சதவீதம்.

அதனால் ஒவ்வொரு மாதமும் 12-ம் தேதி வாக்கில் சிபிஐ வெளியாகும்போது முதல் பக்கத்தோடு நிறுத்தாமல், மாநிலவாரி அட்டவணை வரை போய்ப் பாருங்கள். வாடகை ஒப்பந்தமோ சம்பளப் பேச்சோ நடக்கும் மாதத்தில் அந்த வரி உதவும். உங்கள் வீட்டுச் செலவு மாநிலச் சராசரிபோல இல்லையென்றால், ஆறு மாத யுபிஐ கணக்கை எடுத்து உங்களுக்கான எடைகளை நீங்களே போடலாம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் அரை மணி நேர வேலை.

பார்க்கும்போது அடிப்படை விளைவையும் மனதில் வைத்திருங்கள். 500 ரூபாய்க்கு ஏறிய எண்ணெய் அடுத்த ஆண்டு இதே மாதத்திலும் 500-லேயே நின்றால், அந்தப் பொருளின் பணவீக்கம் பூஜ்ஜியம் என்று பதிவாகும். பாட்டில் மீதான விலை ஒரு ரூபாய்கூட இறங்கியிருக்காது.